கேமரா திரும்பிக்கொண்ட நாள்

எங்கள் கிளப்பில் எந்தக் காரும் டிராக்கில் இறங்குவதற்கு முன் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். டயர், பிரேக், பெல்ட் எல்லாம் பார்ப்பேன். கேமரா மாட்டியிருந்தால் பிடித்து இழுத்தும் பார்ப்பேன். கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் கிண்ணத்தை மட்டும் நம்பி யாரையும் விடுவதில்லை. தனியாக ஒரு கயிறும் கட்டியிருக்க வேண்டும். ஒருமுறை ஒரு காரின் கூரையிலிருந்து பறந்த கேமரா, பின்னால் வந்தவரின் விளக்கை உடைத்துவிட்டுத் தரையில் விழுந்தது. அது தான் பறந்ததையும் விடாமல் படம் பிடித்திருந்தது. நல்ல தெளிவான படம்.

ஷரிஃபுதீன் மூவார் ஊரில் கால்நடை டாக்டர். எங்களுக்குத் தீன். பழைய சத்ரியா கார் வைத்திருந்தார். பந்தயம் எல்லாம் இல்லை, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற இந்த டிராக்கை மாதம் ஒருநாள் கிளப்புக்காக எடுப்போம். அவரவர் ஆசைதீர ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். பந்தயம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் நேரமும் பார்ப்பார்கள்.

தீனுக்கு ஆறாவது வளைவு ஒன்றுதான் வரவில்லை. மற்ற இடங்களில் யாப்பை ஒட்டிக்கொண்டே போவார். யாப் நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலை வைத்திருப்பவர். தீன் அவரைத் தௌக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார். ஆறாவது வளைவு வந்தால் தௌக்கே போய்விடுவார், டாக்டர் பின்தங்கிவிடுவார். தீன் டயரை மாற்றிப் பார்த்தார். ஸ்பிரிங்கை மாற்றினார். தோட்டத்துப் பக்கமிருந்து காற்று குறுக்கே அடிக்கிறது என்றார்.

"காத்து எனக்கு மட்டும் அடிக்காதா டாக்டர்?" என்றார் யாப்.

"உங்க வண்டி கனம் தௌக்கே. உங்களையும் சேத்துதான் சொல்றேன்."

"வண்டியில ஒண்ணும் இல்லலா. ஓட்டுறவன்கிட்டதான் கோளாறு."

இந்தப் பேச்சுக்குத்தான் தீன் கேமரா வாங்கினார். தானும் யாப்பும் வளைவில் ஒரே கோட்டில்தான் போகிறோம் என்று படத்தோடு காட்டிவிட்டால் கோளாறு வண்டியில்தான் என்று ஆகிவிடுமே. முன்கண்ணாடியின் உள்பக்கம், சாலையைப் பார்க்கும்படி ஒட்டியிருந்தார். கயிறு எங்கே என்று கேட்டேன். கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த நாய்ச்சங்கிலியைக் காட்டினார்.

"ரோட்வைலரே இழுத்து அறுக்கல மோகனாக்கா. கேமரா அறுக்குமா?"

இழுத்துப் பார்த்தேன். கேமரா அசையவில்லை. சங்கிலியும் உறுதியாக இருந்தது. போகச் சொன்னேன்.

காலையில் நான் இழுத்தபோது கண்ணாடி குளிர்ந்திருந்தது. அப்புறம் வரிசையில் வெயிலில் நின்றதில் கண்ணாடி கொதித்து, ரப்பர் இளகி, தீன் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கேமரா கழன்றுவிட்டது. சங்கிலியில் ஆடியது. பிறகு டாஷ்போர்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டது, தீனுக்கு நேராக முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

மதியம் கொட்டகையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படம் பார்க்க உட்கார்ந்தோம். தீன், யாப், நான், தீனின் மனைவி லைலா. லைலா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. டிராக்குக்கு வந்தால் நிழலில் உட்கார்ந்து பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துவாள். கார் போவதைத் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.

லேப்டாப்பில் சாலை வரவில்லை. தீனின் முகம் வந்தது. கன்னம் குலுங்கியது, நாக்கு ஓரமாகத் தள்ளியிருந்தது. யாப்புக்குச் சோறு தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"ஐயோ டாக்டர், மாட்டுக்குப் பிரசவம் பாக்கும்போதும் மூஞ்சி இப்படித்தானா?"

தீனும் சிரித்தார். ஆறாவது வளைவு வந்தது. முகம் இறுகியது. கண் இரண்டும் மூடின. வளைவு தாண்டியதும் திறந்தன.

"தூசி" என்றார் தீன்.

அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் தூசி விழுந்தது. அதற்கடுத்த சுற்றிலும். யாப் சிரிப்பை நிறுத்திவிட்டார். நானும் கரண்டியைக் கீழே வைத்தேன். லைலா சிவப்புப் பேனாவை மூடிவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"போதும், நிறுத்து" என்றார் யாப். கேலி செய்வதற்கு அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆனால் அவர் எழுந்துபோய்த் தீனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

தீன் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "எனக்கே தெரியாது" என்றார். "சத்தியமா தெரியாது. அங்க வளைவுக்கு எதிர்ல இருக்கிற சுவரு மூஞ்சிக்கு நேரா வருது. வரும்னு தெரியும். அடுத்தது வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கேன். நடுவுல என்னன்னு நான் யோசிச்சதே இல்ல."

மதியச் சுற்றுக்கு ஹெல்மெட்டை எடுத்தார். நான் விட முடியாது என்றேன்.

"எந்த விதியில இருக்குக்கா, கண்ண மூடக் கூடாதுன்னு?"

"எழுதி வைக்கல. எழுதி வைக்கணும்னு யாருக்கும் தோணல."

"வண்டியத்தான நீங்க சோதிக்கிறது? வண்டி நல்லாத்தான இருக்கு?"

"கழண்டு போறது எதையும் விட மாட்டேன் டாக்டர்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஹெல்மெட்டைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்போது லைலா வந்து என்னிடம் இன்னொரு ஹெல்மெட் கேட்டாள்.

"நீயா?" என்றார் தீன். "ஹைவேல நூறு தாண்டினாலே ஓதுவியே!"

"அந்தச் சுவத்துல ஏதோ எழுதியிருக்கு பாங்" என்றாள். கணவனை அவள் பாங் என்றுதான் கூப்பிடுவாள். "இங்கேருந்து தெரியல. என்ன எழுதியிருக்குன்னு நீங்க எனக்குப் படிச்சுச் சொல்லணும். உரக்க. முழுசாப் படிக்கிற வரைக்கும் வேகம் வேணாம்."

நான் யோசித்தேன். மெதுவாக, தனியாக, வேறு கார் எதுவும் இல்லாதபோது போகலாம் என்றேன். யாப் தன் முறையை விட்டுக்கொடுத்தார். கேமராவை இந்தத் தடவை வேண்டுமென்றே உள்பக்கம் பார்க்க வைத்து, ரியர்வியூ கண்ணாடியின் கம்பியில் இறுக்கிக் கட்டினேன்.

அந்தப் படத்தைப் பிறகு பார்த்தோம். முதல் சுற்றில் ஆறாவது வளைவில் தீனின் இமை நடுங்குகிறது. லைலா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வகுப்பறைக் குரலில் கேட்கிறாள்.

"என்ன தெரியுது?"

"சிவப்பு!"

"சிவப்புல என்ன?"

"தெரியல, போயிருச்சு!"

அடுத்த சுற்றில் கொக்கு என்கிறார். ரெண்டு கொக்கு என்று திருத்துகிறார். அதற்கடுத்ததில் எழுத்தைப் படிக்கத் தொடங்கி, பாதியில் வளைவு முடிந்துவிடுகிறது. "மறுபடி" என்கிறாள் லைலா. கடைசியில் கண்ணை அகல விரித்துக்கொண்டு, வளைவு முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறார்: "ரெட்டைக் கொக்கு சோயா சாஸ்! சமையலின் ராஜா!"

"சரி" என்கிறாள் லைலா.

அதற்குப்பின் கொஞ்ச தூரம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு தீன் தனக்குத்தானே பேசுவதுபோலச் சொல்கிறார்:

"லைலா, அந்தச் சுவரு எவ்வளவு தள்ளி இருக்கு பாத்தியா? நடுவுல புல்லு, மணல் எல்லாம் இருக்கு. பக்கத்துலன்னு நெனச்சுட்டேன்."

கியர் மாற்றும் அவர் கையை லைலா ஒரு தரம் தொடுகிறாள். காரைவிட்டு இறங்கியதும் புல்லில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். அது படத்தில் இல்லை.

தீன் அதற்கப்புறமும் யாப்பை முந்தவில்லை. ஆனால் ஆறாவது வளைவில் இப்போது இரண்டு காரும் ஒன்றாகத்தான் நுழைகின்றன, ஒன்றாகத்தான் வெளிவருகின்றன. தீன் ஏன் இன்னும் முந்தவில்லை என்பதற்குக் காற்று மறுபடி காரணமாகியிருக்கிறது.

மறுமாதம் யாப் எல்லோருக்கும் முன்பே வந்துவிட்டார். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தன் காரிலும் கேமராவை முகத்துக்கு நேராக வைத்துக் கட்டித் தரச் சொன்னார். கட்டித் தந்தேன். நாள் முழுக்க ஓட்டினார். சாயங்காலம் கேமராவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பிப்போனார்.

படம் எப்படி வந்தது என்று போனில் கேட்டேன். வெளிச்சம் சரியில்லை என்றார்.