கிட்ட வராதே, சூரி

பொக்லைனைக் கரைமேல் ஏற்றி நிறுத்தியதும் நூக்கராஜு முதலில் தலையைத் தூக்கித்தான் பார்த்தான். இறால் குளத்தின் கரைக்குக் குறுக்கே மூன்று மின்கம்பிகள் போயின. நடுக்கம்பி தொய்ந்து தொங்கியது. கம்பி போட்ட காலத்தில் கரை இத்தனை உயரமில்லை. வெள்ளம் வந்துபோன ஒவ்வொரு வருடமும் குளத்துக்காரர்கள் மண்ணைக் கொட்டி உயர்த்திக்கொண்டே வந்ததில், தரை கம்பியை நெருங்கிவிட்டது.

குளத்தின் சொந்தக்காரர் தாதாராவ் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சேற்றில் நடந்து வந்தார்.

“தாதாராவ் ஐயா, இது கையெட்டுற தூரத்துல தொங்குதே. கரண்டை நிறுத்தச் சொல்லுங்க. கம்பிக்குக் கீழ இருக்கற வேலைய மொதல்ல முடிச்சிட்டு நான் அந்தப் பக்கம் போயிடறேன்.”

“நிறுத்தறதா? சூரியனைக் கண்ணால பாத்து எத்தனை நாளாச்சு? மப்பு மூடிக் கெடக்கு, வெயில் இல்லாம தண்ணில தானா காத்து சேராது. ஏரேட்டரும் நின்னா சுத்தமா காத்து இருக்காது ராஜு. இறால் பூரா மேல வந்து வாயைப் பொளந்துடும். என் குளம் மட்டுமா, இந்த லைன்ல இருக்கற அத்தனை குளமும்.”

“ஜெனரேட்டர் இருக்கே?”

“அது மெக்கானிக் வீட்டுல குடித்தனம் பண்ணுது. எப்ப கேட்டாலும் நாளைக்குங்கறான். கொஞ்சம் பாத்துச் செய்யேன். உனக்குத் தெரியாத வேலையா?”

தெரிந்த வேலைதான். அதனால்தான் நூக்கராஜு தயங்கினான். ஆகிவீடு பக்கம் ஒரு பண்ணையில், பின்பெட்டியைத் தூக்கியபடியே லாரியைக் கம்பியில் மோதவிட்ட ஒருவனை அவன் பார்த்திருக்கிறான். உள்ளே உட்கார்ந்திருந்த டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவனை இறக்க ஓடிப்போய்க் கதவுப் பிடியில் கைவைத்தவன்தான் செத்தான்.

ஆனால் கரை அரித்துப்போயிருந்தது. இன்னொரு மழை வந்தால் குளமே போய்விடும். நூக்கராஜு தலையசைத்தான்.

“சரி. ஆனா சூரி கீழ நிப்பான். அவன் கண்ணு கம்பி மேல இருக்கும், என் கண்ணு அவன் மேல இருக்கும். அவன் கையைத் தூக்கினா நான் நிறுத்திடுவேன். நடுவுல யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது.”

“பிரதமரே வந்தாலும் கூப்பிட மாட்டேன், போதுமா?” என்றார் தாதாராவ்.

சூரிபாபு நூக்கராஜுவின் மனைவி வீரவேணிக்குத் தம்பி. ஐந்து வருடங்களுக்கு முன், ராஜோலு ஊர்க்காரியான அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. சூரி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். ஏன், என்ன என்று யாரும் கேட்கவில்லை. “வண்டிக்கு ஆள் வேணும், வர்றியா?” என்று மட்டும் நூக்கராஜு கேட்டான். அன்றிலிருந்து அக்காள் புருஷனை “பாவா, பாவா” என்று அழைத்துக்கொண்டு கூடவே இருக்கிறான்.

சூரியிடம் ஒரு குணம். யாராவது உதவி என்று வாய் திறப்பதற்கு முன்னமே எழுந்துவிடுவான். எந்த வீட்டுக் கன்று கத்தினாலும் இவன்தான் போய்ப் பார்ப்பான். பாதிச் சோற்றில் எழுந்து போய் அடுத்தவர் வண்டியைத் தள்ளிவிட்டு வருவான். “உன்னைப் பெத்தப்ப அம்மா காலுக்குச் சக்கரம் வெச்சுப் பெத்துட்டா” என்று வீரவேணி திட்டுவாள்.

பொக்லைனுக்குள் உட்கார்ந்தால் தலைக்கு மேலே கூரை மறைக்கும். முன்னால் இயந்திரத்தின் கை மறைக்கும். கம்பி எங்கே இருக்கிறது என்று கீழே நிற்பவன்தான் சொல்ல வேண்டும். சூரி சிவப்புத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, கம்பியும் நூக்கராஜுவும் ஒருசேரக் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.

காலை முழுதும் ஒழுங்காகத்தான் போயிற்று. பள்ளத்திலிருந்து மண்ணை வாரி, தாழ்த்தியபடியே திரும்பி, கரையில் கொட்டித் தட்டினான் நூக்கராஜு. வண்டியின் கை கொஞ்சம் உயரும்போதெல்லாம் சூரியின் துண்டு பறந்தது. “எறக்கு பாவா, எறக்கு! வானத்துல என்ன மண்ணா இருக்கு?” என்று இரைச்சலுக்கு மேல் கத்தினான். நூக்கராஜு சிரித்துக்கொண்டே இறக்கினான்.

பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, தீவன மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பண்ணையில் வேலை செய்யும் பாப்பாயம்மா கரையோரமாக வந்தாள். ஈர மண்ணில் கால் வழுக்கியது. மூட்டையோடு சரிந்து, “அம்மாடீ!” என்று அலறியபடி குளத்துப் பக்கமாக உருண்டாள்.

சூரி திரும்பினான். அவ்வளவுதான், ஓடிவிட்டான். கையைத் தூக்கி வண்டியை நிறுத்த வேண்டும் என்பது அந்த நொடியில் அவன் புத்திக்கு எட்டவேயில்லை.

மண் நிறைந்த பக்கெட்டைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்த நூக்கராஜு, வழக்கம்போலச் சூரி நின்ற இடத்தைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. லீவரிலிருந்து கையை எடுப்பதற்குள் மேலே நீல வெளிச்சம் ஒன்று வெடித்தது. பக்கெட்டின் பற்களுக்கிடையே நடுக்கம்பி சிக்கிக்கொண்டது. இரும்புச் சங்கிலிச் சக்கரங்களுக்கடியில் ஈர மண் ‘ஸ்ஸ்’ என்று சீறியது.

அடுத்த நொடி குளங்களில் சுற்றிக்கொண்டிருந்த ஏரேட்டர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஓய்ந்து நின்றன. அந்தப் பிராந்தியமே ஊமையானது போலிருந்தது.

நூக்கராஜு கைகளை மடியில் வைத்துக்கொண்டான். பக்கெட்டை இழுத்தால் கம்பி அறுந்து கரைமேல் விழும். கரைமேல் ஆட்கள் நிற்கிறார்கள். இழுக்கக் கூடாது, இறங்கவும் கூடாது. உள்ளே எதையும் பிடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டி தீப்பிடித்தால்தான் குதிக்க வேண்டும். அப்போதும் வண்டியும் தரையும் ஒரே நேரத்தில் உடம்பில் படக்கூடாது. இதையெல்லாம் அவன் மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் கேட்டது.

“பாவா! பாவா!”

பாப்பாயம்மாவைக் கரையில் உட்கார வைத்துவிட்டுச் சூரி ஓடிவந்துகொண்டிருந்தான்.

நூக்கராஜு ஜன்னல் வழியாகக் கத்தினான். “கிட்ட வராதே சூரி! கம்பி மாட்டியிருக்கு! உள்ள இருந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது!”

“கரண்ட் போயிடுச்சு பாவா! ஏரேட்டர் எல்லாம் நின்னுடுச்சு! எறங்கு, நான் புடிச்சிக்கறேன்!”

“போனது திரும்ப வரும்டா! சப்ஸ்டேஷன்ல மறுபடி போடுவாங்க! நில்லு!”

சூரி நிற்கவில்லை. தன்னால்தான் இது நடந்தது என்ற திகிலில் அவன் காது அடைத்துப் போயிருந்தது.

“நில்லுடா தம்பி, உன் கால்ல விழறேன்! உன் அக்கா மேல சத்தியம்!”

அக்கா பெயரும் அவனை நிறுத்தவில்லை. சேற்றில் விழுந்து எழுந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தான். இன்னும் கொஞ்சம் விட்டால் வண்டியைத் தொட்டுவிடுவான்.

அப்போதுதான் நூக்கராஜு அதைச் சொன்னான்.

“டேய், பொண்டாட்டிய வெச்சு வாழத் தெரியாதவனே! அவ ஏன் உன்னை உதறிட்டுப் போனான்னு இப்பத்தான்டா புரியுது! அஞ்சு வருஷமா என் சோத்தைத் தின்னுட்டு, ஒரு எடத்துல நிக்கத் துப்பில்ல உனக்கு! என் வண்டியைத் தொடாதே! போடா!”

சூரியின் கால்கள் அப்படியே நின்றன. நீட்டிய கைகள் மெல்லக் கீழே இறங்கின. யாரோ வேற்றாளைப் பார்ப்பதுபோலக் கண்ணாடிக்குள் பார்த்தான்.

அந்த நேரத்தில் கம்பியில் மின்சாரம் திரும்ப வந்தது.

மேலே மறுபடி நீலமாக வெடித்தது. சங்கிலிச் சக்கரத்தைச் சுற்றியிருந்த குட்டைத் தண்ணீர் கொதித்து ஆவியானது. புல் கருகியது. சூரியின் காலடியில் மண் சுள்ளென்று கடித்திருக்க வேண்டும். தடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டான். ஒரு மூச்சு நேரம்தான். மறுபடி எல்லாம் அணைந்தது.

தாதாராவ் தூரத்தில் நின்று கைபேசியில் தொண்டை கிழியக் கத்தினார். “போடாதீங்கய்யா! வண்டிக்குள்ள ஆள் இருக்கான்! என் குளம் போனாப் போகுது, யார் குளம் போனாலும் போகட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்! மொத்தமா நிறுத்துங்க!” பிறகு சூரியைப் பார்த்துச் சொன்னார்: “டேய் அப்பா, மண்ணுலயும் கரண்ட் பாயும், காலை அகட்டாம, ரெண்டு பாதத்தையும் ஒட்டி வெச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு இந்தப் பக்கம் வா. ஓடாதே.”

சூரி அப்படியே வந்தான்.

லைன்மேன் ஏசுபாதம் வந்து சேர்ந்தபோது நூக்கராஜுவின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஏசுபாதம் அவசரப்படவில்லை. கம்பத்து ஸ்விட்சை இறக்கிப் பூட்டினான். சப்ஸ்டேஷனோடு பேசி உறுதி செய்துகொண்டான். நீளக் கழியால் மூன்று கம்பிகளிலும் எர்த் கம்பி மாட்டித் தரையோடு இணைத்தான். அதற்கப்புறம்தான் வண்டியைப் பார்த்தான்.

“எறங்கு ராஜா. பல்லக்கு அனுப்பணுமா?”

நூக்கராஜு இறங்கினான். தரையில் கால் பட்டதும் ஈர மண்ணில் சறுக்கினான். வழக்கமாக ஓடிவந்து தாங்குகிற கை வரவில்லை. நொண்டிக்கொண்டே வந்த பாப்பாயம்மாதான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சூரி அதற்குள் குளத்தில் இறங்கியிருந்தான். மின்சாரம் திரும்பும்வரை இறால் பிழைக்க வேண்டுமே. பண்ணையாட்கள், தாதாராவ், பக்கத்துக் குளத்துக்காரர்கள் எல்லாரும் மார்பளவு தண்ணீரில் நின்று மூங்கிலாலும் தட்டுகளாலும் தண்ணீரை அடித்தார்கள். மற்றவர்கள் கை ஓய்ந்து கரையேறிய பிறகும் சூரி நிறுத்தவில்லை. ஏசுபாதம் பக்கெட்டிலிருந்து கம்பியை விடுவித்து மின்சாரம் கொடுத்தபோது, ஓரத்தில் கொஞ்சம் இறால் செத்து மிதந்தது. மீதி தப்பியது.

சாயங்காலம் வீட்டில் வீரவேணி கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சூரி கொடியிலிருந்து தன் சட்டைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தான்.

“சூரி,” என்றான் நூக்கராஜு.

சூரி மடிப்பதை நிறுத்தவில்லை. “நீ ஏன் சொன்னேன்னு எனக்குப் புரியுது பாவா. நான் முட்டாள் இல்ல. ஆனா ஒண்ணு சொல்லு. அது உன் மனசுல ஏற்கெனவே இருந்துச்சா? இல்ல அந்த நேரத்துக்கு வாயில வந்துச்சா?”

இல்லவே இல்லை என்று சொல்வது சுலபம். நூக்கராஜு அதைச் சொல்லவில்லை.

“ஒண்ணு இருந்துச்சு. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறானேன்னு. அது ரொம்ப நாளா இருந்துச்சு. மத்தது எதுவும் இல்ல. உனக்கு எங்க வலிக்கும்னு எனக்குத் தெரியும்டா, அதனால அங்க அடிச்சேன். கெஞ்சினேன், நீ நிக்கல.”

“வலிச்சுது.”

“வலிக்கணும்னுதான் சொன்னேன்.” நூக்கராஜு அவன் பக்கமாக நகர்ந்தான். “நீ அங்க கருகிக் கெடந்திருந்தா, உன் அக்கா முகத்துல நான் எப்படிடா முழிப்பேன்? சோறுன்னு சொன்னேன் பாரு, அது ஒண்ணை மட்டும் மன்னிச்சிடு. இது உன் வீடு.”

வீரவேணி எழுந்து தம்பியின் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கி மறுபடி கொடியில் போட்டாள்.

“ரெண்டு பேரும் முழுசா வந்திருக்கீங்க, எனக்கு அது போதும். கோபத்தை வெச்சுக்க, எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்க. ஆனா இந்த வீட்டுல இருந்துகிட்டே வெச்சுக்க. மீன் புளுசுக் குழம்பு ஆறுது, தட்டை எடு.”

சூரி தட்டை எடுத்தான். ஆனால் அதற்குமேல் அன்றும், பின்வந்த நாட்களிலும் நூக்கராஜுவோடு அவன் பேசவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தான், கிரீஸ் அடித்தான், டீசல் ஊற்றினான். வாய் மட்டும் திறக்கவில்லை. நூக்கராஜு வற்புறுத்தவும் இல்லை.

கரையின் மீதி வேலையைப் பற்றித் தாதாராவே வந்து பேசினார். மெக்கானிக் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெனரேட்டரை மீட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். பக்கத்துக் குளத்துக்காரர்களையும் கூட்டிப் பேசிவிட்டாராம். “நல்ல வெயில் அடிக்கற நாளாப் பாத்து, முறையா எழுதிக் கொடுத்துக் கரண்டை நிறுத்திடறோம். கம்பத்தை உயரமா மாத்தவும் மனு போட்டிருக்கேன். அதுவரைக்கும் கம்பிக்குக் கீழ எந்த வண்டியும் தலையைத் தூக்க வேண்டாம். அன்னைக்கு நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும் ராஜு.”

“நானும் அன்னைக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கணும்,” என்றான் நூக்கராஜு.

வெயில் வந்த நாளில், ஏசுபாதம் கம்பிகளைத் தரையோடு இணைத்துவிட்டுக் கையசைத்த பிறகு, கம்பிக்குக் கீழே இருந்த வேலை முடிந்தது. மின்சாரம் திரும்ப வந்தபின், கம்பிக்கு அப்பாலுள்ள கரை வேலை மட்டும் பாக்கியிருந்தது. சூரி யாரும் சொல்லாமலே மூங்கில்களைக் கொண்டுவந்து, கம்பியிலிருந்து நன்றாகத் தள்ளி இரண்டு பக்கமும் நட்டான். குறுக்கே கயிறு கட்டி அதில் பழைய புடவைத் துண்டுகளைத் தொங்கவிட்டான். வண்டியின் கை அந்தக் கயிற்றைத் தாண்டக் கூடாது.

கட்டி முடித்து வண்டியருகே வந்து, கண்ணாடியைத் தட்டினான்.

“யாராவது விழுந்தா நான் ஓடத்தான் செய்வேன் பாவா. அதை என்னால மாத்த முடியாது.”

நூக்கராஜு அவன் பக்கம் திரும்பினான்.

“ஆனா ஓடறதுக்கு முன்ன கையைத் தூக்குவேன். நீ வண்டியை நிறுத்தி, சாவியைப் பிடுங்கி எனக்குக் காட்டணும். அதுக்கப்புறம்தான் நான் எடத்தை விட்டு நகருவேன். என்னைக் காணோம்னா உன் கை லீவர்ல இருக்கக் கூடாது.”

“சரிடா.”

“சரின்னு தலையாட்டினாப் போதாது. இப்பச் செஞ்சு காட்டு.”

நூக்கராஜு சாவியைப் பிடுங்கிக் கண்ணாடிக்கு நேரே தூக்கிக் காட்டினான். சூரி அதையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ம். இப்ப ஓட்டு,” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு நடந்தான். பாதி தூரம் போய்த் திரும்பிக் கத்தினான்: “மெதுவா ஓட்டு! கயித்துல கட்டின புடவை அக்காவோடது, கிழிஞ்சா ராத்திரி உனக்குத்தான் சோறு கெடையாது!”

நூக்கராஜு முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.