மொச்சை வேகும் வரை

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு, பாலும் ரொட்டியும் கையில் ஏந்தி நூன்சியா உள்ளே போனபோது, மாமனார் செத்துப் போயிருந்தார்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாய் திறந்திருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை, காத்தால்தோ கிழவரின் வாய் எப்போதும் திறந்துதான் இருக்கும். ஆனால் அதிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. பால் ஆறிவிட்டது என்றோ, ரொட்டி கல்லாக இருக்கிறது என்றோ, இந்த வீட்டில் சமைப்பது மனுஷனுக்கா கோழிக்கா என்றோ அவர் கேட்கவில்லை. அவள் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். கண்களை மூடிவிட்டு சிலுவை போட்டுக்கொண்டாள். ஆன்மா வெளியே போக வேண்டுமே என்று தோட்டத்துப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது. அடுப்பில் மொச்சை பாதி வெந்திருந்தது.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. மூச்சு நின்றது தெரிந்த நிமிஷமே நெருப்பை அணைத்துவிட வேண்டும். அடக்கம் முடிந்து சில நாள் வரைக்கும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கொன்சோலோ வரும். அந்தத் துக்கச் சாப்பாடு தெருவாசல் வழியாக உள்ளே வர வேண்டும், துக்கப்படுகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், கொண்டுவந்தவள் பரிமாற வேண்டும். இதில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. கோயில் பக்கத்துத் தெருவில் ஒருத்தி, புருஷன் பிணம் கிடக்கும்போது தலைவலிக்குக் காப்பி போட்டுக் குடித்துவிட்டாள். அவள் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவளுடைய பேரனை இன்றைக்கும் ஊரில் காப்பிக்காரி பேரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நூன்சியா அடுப்பின் முன்னால் நின்று குமிழில் கை வைத்தாள். கை திருகவில்லை.

பாதியில் அணைத்த மொச்சை மறுபடி வேகாது. எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் கொட்டை கொட்டையாக நிற்கும். ஜூலை வெயிலுக்கு மாலைக்குள் நுரைத்துப் புளித்துவிடும். அப்புறம் கொட்ட வேண்டியதுதான். அவளோ இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து எதையும் கொட்டியதில்லை. கொட்ட முடிந்ததில்லை என்பதுதான் சரி. சனிக்கிழமை காலையில் கிழவர் தலையணைக்கு அடியிலிருந்து வாரச் செலவுக்குப் பணம் எடுத்துக் கொடுப்பார். அவருடைய பென்ஷனும், அவள் புருஷன் கொசிமோவின் கொத்து வேலைக் கூலியும் எல்லாமே அந்தத் தலையணைக்குத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை அரைக் கோழி. அதன் எலும்பில் திங்கட்கிழமை சூப். செவ்வாய்க்கிழமை வயல் வரப்பில் பறித்த கீரை. புதன்கிழமை, காய்ந்துபோன ரொட்டியைப் பூண்டுத் தண்ணீரில் கொதிக்கவைத்த கூழ். வியாழக்கிழமை மொச்சை. அதில் மிஞ்சுகிற மொச்சைதான் வெள்ளிக்கிழமைக்கும். இன்றைக்கு வியாழக்கிழமை. வீட்டில் இருந்தது இந்த மொச்சை, பாதி வெங்காயம், அலமாரியில் காய்ந்த ரொட்டி, குப்பியின் அடியில் கொஞ்சம் எண்ணெய். அவ்வளவுதான்.

அவள் கிழவரின் அறைக்குத் திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க மாமா," என்றாள். "இது வேகட்டும். பாதியில கொட்டினா நீங்களே எந்திரிச்சு வந்து திட்டுவீங்க."

அது உண்மையும்கூட. மேசையில் விழுந்த ரொட்டித் துகளை விரலால் ஒற்றி எடுத்துத் தின்கிற மனுஷன். அவள் கதவைச் சாத்தினாள். சமையலறை ஜன்னலையும் சாத்தினாள். கொசிமோ பக்கத்து ஊரில் வேலைக்குப் போயிருந்தான். மகள்கள் இரண்டு பேரும் கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில். வீட்டில் அவளும் கிழவரும் கொதிக்கிற சட்டியும் மட்டும்தான்.

மொச்சை வெந்தது. தாளிக்க எண்ணெய் வைத்தாள், பூண்டைத் தட்டிப் போட்டாள், காட்டுச் சோம்பைக் கசக்கிப் போட்டாள். அப்போது அவள் கால்கள் தாமாகவே நிலவறைப் படியில் இறங்கின. அங்கே ஒயின் பீப்பாய்க்குப் பின்னால் ஓர் ஆணியில் காய்ந்த மிளகாய்ச் சரம் தொங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்றுப் புண் என்று டாக்டர் கிழவருக்கு மிளகாயை நிறுத்தினார். தனக்கு இல்லாதது வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்று கிழவர் நிறுத்தினார். தெற்கு இத்தாலியில், அதுவும் கலாப்ரியாவில், மிளகாய் இல்லாமல் ஒரு குடும்பம் சாப்பிடுகிறது என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கொசிமோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவான்.

அவள் மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டாள். நெடி தொண்டையில் ஏறி இருமல் வந்தது. இருமிவிட்டு, பழக்கதோஷத்தில், உள்ளறையிலிருந்து வரப்போகும் கத்தலுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

கத்தல் வரவில்லை. தோள் மெதுவாகக் கீழே இறங்கியது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் நிம்மதி போகவில்லை. ஒரு கரண்டி மொச்சையை எடுத்து ஊதி, நின்றபடியே சாப்பிட்டாள். நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அடுப்பை அணைத்தாள். சட்டியை நிலவறைக்குக் கொண்டுபோய், பீப்பாய்க்குப் பின்னால் சில்லென்ற கல்தரையில் வைத்து, ஈரத் துணி போட்டு மூடினாள். ஜன்னலைத் திறந்து, துண்டால் வீசி நெடியை விரட்டினாள். சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடியைத் துணியால் மறைத்தாள். தலையில் கறுப்புக் குட்டையைக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

எதிர்வீட்டு சவேரியா, நூன்சியாவின் மூத்த மகளுக்கு ஞானஸ்நானத் தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாரே என்றுதான் அழைப்பார்கள். அந்தத் தெருவில் யார் செத்தாலும் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறவள் அவள்தான். வந்தவள் கிழவரின் தாடையைக் கைக்குட்டையால் கட்டப் பார்த்தாள். தாடை அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"நல்லா இறுகிடுச்சே கொமாரே. எப்பப் பார்த்த?"

"இப்பதான். பால் கொண்டு போனப்ப."

சவேரியா அவளை ஒரு தடவை பார்த்தாள். மேசையில் பால் ஏடு கட்டி ஆறிக் கிடந்தது. அவள் தாடையை எப்படியோ கட்டி முடித்தாள்.

மறுநாள் காலை ரயிலில் கிழவரின் மகள் எர்சீலியா வடக்கே தோரினோ நகரத்திலிருந்து புருஷனோடும் பிள்ளைகளோடும் வந்து இறங்கினாள். கொசிமோவுக்கு அக்கா. வந்ததும் அப்பாவின் மேல் விழுந்து தெருவே கேட்க அழுதாள். அதில் பொய் எதுவும் இல்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் செய்த அடுத்த வேலை, சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்ததுதான். கையில் அந்தக் காய்ந்த ரொட்டியோடு, துக்கத்துக்கு வந்த பெண்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு வந்தாள்.

"எங்கப்பா இதைத் தின்னுதான் செத்தாரா நூன்சியா?"

பெண்கள் ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பணம் யார் தலையணையில் இருந்தது என்று சொல்ல நூன்சியாவின் வாய் வரைக்கும் வந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு அதையா பேசுவது? தலையைக் குனிந்துகொண்டாள். அவள் நினைப்பெல்லாம் நிலவறையில் இருந்தது. இவள் இன்னும் ஓர் இடத்தைத் திறந்து பார்த்தால் தீர்ந்தது. ஒன்று, அப்பா கிடக்கும்போது சமைத்திருக்கிறாள். இரண்டு, மிளகாய் போட்டுச் சமைத்திருக்கிறாள். அப்பா உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் மிளகாய் கிடையாது என்பது எர்சீலியாவுக்கு நன்றாகத் தெரியும், டெலிபோனில் அப்பாவே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மொச்சைக்காரி, மொச்சைக்காரி மகள்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள். இதையெல்லாம் நினைத்தபோதுதான் முதல் நாள் காலையிலிருந்து முதன்முறையாக அவளுக்கு உடம்பு நடுங்கியது. பார்த்த பெண்கள் மாமனாருக்காக நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடக்கம் பிற்பகலில் முடிந்தது. நூன்சியாவுக்கு அழுகை வரவில்லை. கொசிமோவுக்கும் வரவில்லை. கல்லறைச் சுவரில் பூசிய சிமெண்ட்டை அவன் கொத்தனாரின் கண்ணோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் சவேரியா கொன்சோலோ கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை, கறி கூடாது. உருளைக்கிழங்கு போட்ட உப்பு மீன், கீரை, ரொட்டி. வீட்டார் நாலு பேருக்கென்று கணக்குப் பண்ணிச் சமைத்தது. ஆனால் மேசையில் தோரினோக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ராத்திரி ரயிலில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பசியோடு. சவேரியா மீன் சட்டியைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். அவளும் வாரச் செலவைப் பார்த்துச் சமைக்கிறவள்தான். இனி வீட்டுக்குப் போய் எதைச் சமைத்து எப்போது கொண்டுவருவது?

"முதல்ல ஒயின் ஊத்துவோம்," என்று சொல்லிக்கொண்டே கூஜாவை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கிவிட்டாள்.

நூன்சியா பின்னாலேயே ஓடினாள். அவள் படி இறங்குவதற்குள் சவேரியா பீப்பாய்க்குப் பின்னால் குனிந்திருந்தாள். ஈரத் துணி தரையில் கிடந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள், விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"கெடல," என்றாள். "எப்ப வெச்ச?"

"நேத்து காலைல."

"மாமா எப்பப் போனாரு?"

"நேத்து காலைல."

சவேரியா மறுபடி விரலை விட்டாள். "மொளகா."

"ம்."

"பாதி வெந்துட்டிருந்துதா?"

நூன்சியா தலையாட்டினாள். சவேரியா நிமிர்ந்து இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நூன்சியா பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாதி வெந்ததை யாரு கொட்டுவா," என்றாள் கடைசியில். "நானா இருந்தா இன்னும் ஒரு மொளகா போட்டிருப்பேன். நீ மேல போய் உக்காரு. துக்கப்படற வேலையைப் பாரு."

நிலவறைக்குத் தெருப்பக்கமாக ஒரு கதவு உண்டு. நூன்சியா மேலே வந்து ஒயினை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக, சவேரியா சட்டியைத் துணியில் சுற்றி அணைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதே சட்டி, ஆவி பறக்க, தெருவின் நடுவே நடந்து, தலைவாசல் வழியாக, எல்லோரும் பார்க்க வீட்டுக்குள் வந்தது.

"மொச்சையை மறந்துட்டு வந்துட்டேன் பாருங்க," என்று சொல்லி சவேரியா எல்லோர் தட்டிலும் ஊற்றினாள்.

எர்சீலியா ஒரு வாய் வைத்தாள். அடுத்த வாய் வேகமாக வைத்தாள். கண்ணில் நீர் வந்தது, மிளகாயால்தான். ரொட்டியைக் கிள்ளி தட்டைத் துடைத்துவிட்டு, சவேரியாவைப் பார்த்து, தோரினோவில் காசு கொடுத்தாலும் இப்படி ஒரு மொச்சை கிடைக்காது என்றாள். பிறகு நூன்சியாவின் பக்கம் திரும்பினாள். காலையில் இருந்த கோபம் குரலில் இல்லை, வயிறு நிறைந்தவளின் அறிவுரை மட்டும் இருந்தது.

"இவங்ககிட்ட கேட்டுக் கத்துக்கோ நூன்சியா. இந்த மாதிரி ஆக்கிப் போட்டிருந்தா அப்பா இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பாரு."

சவேரியாவுக்குப் புரையேறியது.

"கத்துக்கறேன் அக்கா," என்றாள் நூன்சியா.

அவள் கொசிமோவைப் பார்த்தாள். அவன் முதல் கரண்டியை வாயில் வைத்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவள் தாளிக்கும் பூண்டும் கசக்கிப் போடும் சோம்பும் கல்யாணமான நாளிலிருந்து அவன் நாக்குக்குத் தெரியும். அவன் மென்றான், விழுங்கினான். மெதுவாகத் தலையைத் தூக்கி, சட்டியைப் பார்த்தான். அதன் உடைந்த காதைக் கம்பியால் கட்டியவன் அவன்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஊரும் நாத்தனாரும் என்ன நினைத்தாலும் சமாளித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இவன் என்ன நினைக்கிறான் என்பதுதான் பயமாக இருந்தது. செத்தது இவனுடைய அப்பா.

கொசிமோ குனிந்து மிச்சத்தைச் சாப்பிட்டான். எப்போதும்போல் தட்டைப் பார்த்தபடிதான் சாப்பிட்டான், ஆனால் எழுந்துபோகவில்லை. முடித்ததும் தட்டைக் கையில் எடுத்தான். கரண்டியோடு நின்றுகொண்டிருந்த சவேரியாவிடம் நீட்டாமல், மேசைக்குக் குறுக்கே மனைவியிடம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் போடு."

துக்க வீட்டுக்காரி பரிமாறக் கூடாது. சவேரியா கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, ரொட்டி எடுத்துவரப் போவதாக முணுமுணுத்தபடி உள்ளே போனாள். நூன்சியா எழுந்து சட்டியைச் சாய்த்து, அடியில் கிடந்ததை வழித்து அவன் தட்டில் போட்டாள். கூடவே மிளகாயும் வந்து விழுந்தது. அவள் அதை எடுக்கக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும்," என்று கொசிமோ அதைத் தட்டிலேயே கரண்டியால் நசுக்கினான்.