அம்பாசடர் நின்ற கொட்டகை

குழிக்குள் நின்றபடி, தலைக்கு மேலிருந்த ஆயில் சேம்பரின் கடைசி போல்ட்டைக் கொளஞ்சியப்பன் தளர்த்தினான். கறுத்த எண்ணெய் முழங்கை வழியாக இறங்கி அக்குளில் சேர்ந்தது. வீட்டுப் பக்கம் மேஸ்திரியின் ஆட்கள் சுவரின் பழைய காரையைக் கொத்தி உதிர்த்துக்கொண்டிருந்தார்கள்.

வடக்குத்து ஊரில் அது சுப்பிரமணியனின் அப்பா கட்டிய வீடு. சுப்பிரமணியன் நிலக்கரி மைன்ஸில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவர். ரிட்டையர் ஆனால் க்வார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். செய்துவிட்டு, பூட்டிக் கிடந்த வீட்டைப் புதுப்பிக்க ஊருக்கு வந்தார். ரோட்டோரக் கொட்டகையைத் திறந்தால் அப்பாவின் அம்பாசடர் டயரெல்லாம் அமுங்கி மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு அந்த வண்டியில்தான் வந்து இறங்க வேண்டும் என்று மனிதருக்கு ஆசை பிறந்துவிட்டது. ஷாப்பில் தனக்குக் கீழே கான்ட்ராக்டில் வேலை பார்த்த கொளஞ்சியப்பனுக்கு உடனே போன் போட்டார்.

அப்போது கொளஞ்சியப்பனுக்கு நிற்க ஒரு இடம் இல்லை. கான்ட்ராக்ட் போன பிறகு முக்கூட்டு ரோட்டோரம் தார்ப்பாய் கட்டி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். ரோட்டை அகலப்படுத்தியபோது அதுவும் போனது. வேறு இடம் கேட்டு அலைந்தான். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "நீ எந்தத் தெரு?" பதிலைக் கேட்டபின் இரண்டாவது கேள்வியே கிடையாது. சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. வண்டி எங்கே படுத்ததோ அங்கே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அவன் பிழைப்பாக இருந்தது.

"வண்டிய மட்டும் ஓட வச்சிடு கொளஞ்சி," என்றார் சுப்பிரமணியன். "அப்புறம் அது வாசல்ல நிக்கும். இந்தக் கொட்டாய நீ எடுத்துக்க. ரோட்டப் பாத்துகினு இருக்குது, உனக்குன்னே கட்டுனாப்புல."

"வாடக எப்டி சார்?"

"உங்கிட்டப் போயி வாடக பேசுவனா? உம் பொண்டாட்டி வச்ச கருவாட்டுக் கொழம்ப எத்தினி நாளு தின்னிருக்கேன்."

அது உண்மைதான். ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் அவர் முதலில் திறப்பது கொளஞ்சியப்பனின் டிபன் பாக்ஸைத்தான். தன் டப்பாவை இவன் பக்கம் தள்ளிவிட்டு, விரலை நக்கி நக்கிச் சாப்பிடுவார். அந்த மனிதர் சொன்ன சொல்லுக்கு மேல் என்ன வேண்டும்? கூலிப் பேச்சையே எடுக்காமல் வேலையில் இறங்கினான்.

எஞ்சினை அடியிலிருந்து பார்க்கக் குழி வேண்டும். நாளைக்கு ஒர்க்‌ஷாப் நடத்தவும் அதே குழி வேண்டும். "உன் எடம், தோண்டிக்க" என்றார் சுப்பிரமணியன். மேஸ்திரியின் ஆட்களோடு சேர்ந்து வண்டியை வெளியே தள்ளிவிட்டு வெட்ட ஆரம்பித்தான். டவுன்ஷிப்பில் ப்ளாக் ப்ளாக்காகப் பெருக்கும் கான்ட்ராக்ட் வேலை முடிந்ததும் அவன் மனைவி பிரபாவதி நேராக இங்கே வந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் சுமந்தாள். இடித்த சுவரின் செங்கல்லைப் பொறுக்கி நான்கு பக்கமும் கட்டி, மேஸ்திரியிடம் மிச்ச சிமெண்ட் வாங்கி வழவழவென்று பூசி, இறங்கி ஏற ஆறு படியும் வைத்தார்கள்.

"ஊரான் எடத்துல இம்மாம் வேலையா?" என்று கேட்டாள் பிரபாவதி.

"ஊரான் இல்ல பிரபா. சாரு."

குழியின் மேல் வண்டியை ஏற்றி எஞ்சினைத் திறந்தான். ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பமே நடத்தியிருந்தது. பிஸ்டன்கள் துருவேறி இறுகியிருந்தன. பிளக்குகளைக் கழற்றி அந்த ஓட்டைகளில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டான். தினமும் முன்பக்கம் எஞ்சினைச் சுற்றும் ஹேண்டிலைச் செருகி, முரண்டு பிடிக்கும் மாட்டை நயந்து இழுப்பதுபோல மெதுவாக அழுத்திப் பார்ப்பான். ஒரு மயிரிழை அசைந்தாலும் அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

ஒன்றே ஒன்று மட்டும் உறுத்தியது. பதினோரு மணி டீ மேஸ்திரியின் ஆட்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் வரும். இவனுக்குப் பேப்பர் கப்பில். சுப்பிரமணியனின் மனைவி விஜயலட்சுமி அதை மதில்மேல் வைத்துவிட்டுப் போவாள். க்வார்ட்டர்ஸில் இதே அம்மா, வேண்டாம் என்றாலும் விடாமல் அடுப்படியில் உட்காரவைத்துத் தோசை போட்டவள். கையெல்லாம் எண்ணெயாக இருக்கிறதே, அதற்காக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பிரபாவதியிடம் இதைச் சொல்லவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எஞ்சின் பேசியது. இரண்டு தடவை இருமி, கொட்டகை நிறையப் புகை கக்கி, பிறகு நிதானத்துக்கு வந்தது. சுப்பிரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கப்பாரே வந்து நிக்கறாப்புல இருக்குது கொளஞ்சி!" வண்டியை அவரே வாசலுக்கு ஓட்டிப் போனார். காலியான கொட்டகையில் நின்று கொளஞ்சியப்பன் தன் குழியைப் பார்த்தான். சிரிப்பு வாயை விட்டு இறங்க மறுத்தது.

மறுநாள் வாழையிலை விரித்து ஸ்பானர், ஜாக்கி, சுத்தியல், ஹேண்டில் எல்லாவற்றையும் கொட்டகையிலேயே பரப்பிச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தார்கள். குழியின் ஒவ்வொரு படியிலும் பொரியும் கடலையும் வைத்தாள் பிரபாவதி. படைத்த கருவியை அன்றைக்கு யாரும் தொடக் கூடாது. படைத்த இடத்திலிருந்தே விடிந்ததும் எடுத்து, அங்கேயே முதல் வேலையைத் தொடங்க வேண்டும். விஜயதசமியின் முதல் வேலைக்குத் தன் ஷேர் ஆட்டோவைக் கொண்டுவருவதாக நண்பன் தங்கராசு சொல்லியிருந்தான். சுப்பிரமணியனின் தம்பி செல்வகுமார் பக்கத்து வீடுதான். கேட்டருகே கைகட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிரபாவதி பொரியை நீட்டினாள். வாங்காமல் போய்விட்டார்.

காலையில் கொளஞ்சியப்பனை ஏற்றிக்கொண்டு தங்கராசுவின் ஆட்டோ உள்ளே நுழைந்தபோது கருவிகள் கொட்டகையில் இல்லை. வெளியே மணல் குவியல்மேல் இலையோடு கொட்டிக் கிடந்தன. கொட்டகைக்குள் மேஸ்திரி குழியின் விளிம்பில் பைப் பதித்து, ஹோஸ் போட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னா மேஸ்திரி இது?"

"கசியுதான்னு பாக்கறேன். வூட்டுக்குத் தண்ணித் தொட்டி."

"தொட்டியா? இது என் குழியாச்சே."

மேஸ்திரி விழித்தார். "உனக்குத் தெரியாதா? தொட்டிக்குத் தனியா தோண்ட வேணாம், கொளஞ்சி தோண்டுற குழியே போதும்னு ஆடி மாசமே சொல்லிட்டாரே."

ஆடி மாதம்தான் பிரபாவதி மண் சுமந்தது. அப்போது அம்பாசடர் வந்து கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு, மாலையும் பழமுமாகச் சுப்பிரமணியன் இறங்கினார். இவனைக் கண்டதும் அவர் பார்வை பழத்தட்டுக்குப் போனது.

"படச்ச சாமான யாரு சார் தூக்கிப் போட்டது?"

"தம்பி ஒத்துக்கல கொளஞ்சி. சொந்தக்காரங்க வந்து போற வாசலு. உங்க ஆளுங்க நாலு பேரு வந்து ஒக்காந்துகினு இருந்தா..."

"மைன்ஸுல ஒரே டப்பாவுல சாப்ட்டோமே சார்."

"அது மைன்ஸு. இது ஊரு. நான் இங்கியே கெடக்கணும்பா." குரலைத் தாழ்த்தினார். "வண்டிக்கு ஒண்ணுன்னா உன்னத்தான் கூப்புடுவேன். வேற எவனையும் தொட உடமாட்டேன்."

"ஆடி மாசமே தெரியும்ல சார் உங்களுக்கு?"

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி குனிந்து ஹோஸைச் சரிசெய்தார்.

தங்கராசு பல்லைக் கடித்துக்கொண்டு, "வா மச்சான்" என்று கருவிகளை அள்ளி ஆட்டோவில் போட்டான். வெளியே போக வழியில்லை. கேட்டில் அம்பாசடர் நின்றது. சுப்பிரமணியன் ஏறிச் சாவியைத் திருகினார். பழைய பேட்டரி முனகி அடங்கிவிட்டது. மறுபடி திருகினார், அந்த முனகலும் இல்லை.

"கொளஞ்சி," என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஒரு சுத்து சுத்தி உட்டுட்டுப் போப்பா."

செல்வகுமார் தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பன் ஆட்டோவிலிருந்து ஹேண்டிலை எடுத்தான். நேற்று வைத்த சந்தனம் அதில் காய்ந்திருந்தது. வண்டியின் மூக்கில் செருகி, காலை ஊன்றி, வேகமாக ஒரு சுற்று சுற்றினான். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை.

"கேட்டியா, என்னாமா ஓடுது!" என்றார் சுப்பிரமணியன், வண்டியைப் பின்னுக்கு எடுத்தபடி.

கொளஞ்சியப்பன் உள்ளங்கைச் சந்தனத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். கொட்டகையில் தண்ணீர் ஐந்தாவது படியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பிரபாவதி வைத்த பொரி அதன்மேல் மிதந்தது.