வெங்கட்டின் சோம்பேறி

திருமழிசைத் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தச் சின்ன கம்பெனி, துணியில் ஏற்றிய கஞ்சியைக் கரைக்கும் என்சைம் தயாரிக்கிறது. தயாரிப்பது மனிதர்களா என்ன? பாக்டீரியாதான். அதற்குள் கூடுதல் மரபணுவைப் புகுத்திப் பல மடங்கு சுரக்கவைத்தவள் பூந்தமல்லி ஹிபா. கூட வேலை பார்க்கும் வெங்கட்டும் ஒன்றை உருவாக்கியிருந்தான். அது அவளுடையதில் பாதிகூடச் சுரக்காது. அதற்குச் ‘சோம்பேறி’ என்று பெயர் வைத்து லேப் முழுக்கப் பரப்பியும் விட்டாள். வாய் கொஞ்சநஞ்சமா அவளுக்கு!

குடுவையில் கொடிகட்டிப் பறந்த அவளுடைய பாக்டீரியா, பெரிய தொட்டியில் இரண்டு தரம் காலை வாரிவிட்டது.

“இன்னொரு தபா சொதப்புனா வெளியிலேர்ந்து வாங்கிக்கலாம்னு முதலாளி சொல்லிட்டாரும்மா. அப்புறம் நமக்கு லேபே கிடையாது,” என்றார் மேலாளர் லோகநாயகி.

ஹிபா தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மாவுத் தட்டில் வளர்த்து, அயோடின் ஊற்றிப் பார்த்தாள். என்சைம் சுரக்கும் இடத்தில் மாவு கரைந்து தெளிந்த வளையம் விழ வேண்டும். தட்டெல்லாம் மாவு கரையாத கருநீலம், வளையம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். யா அல்லா! அப்போதுதான் உறைத்தது. குடுவையில் அவள் ஆன்டிபயாட்டிக் போட்டு வளர்ப்பாள். புகுத்திய மரபணுவோடு அந்த மருந்தைத் தாங்கும் மரபணுவும் ஒட்டியிருப்பதால், அதை வைத்திருப்பது மட்டுமே பிழைக்கும். தொட்டியில் அதைப் போடுவதில்லை, விற்கிற சரக்கில் கலந்துவிடுமே. மிரட்ட ஆளில்லை என்றதும் பாக்டீரியா சுமையைக் கழற்றி வீசிவிட்டு, தின்று பெருகியிருக்கிறது. வெங்கட்டோ மரபணுவைப் பாக்டீரியாவின் சொந்தக் குரோமோசோமோடு சேர்த்தே பிணைத்திருந்தான். லேசில் கழற்ற முடியாது.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த அவன் எதிரில் போய் நின்றாள்.

“ஒன் சோம்பேறியக் குடு வெங்கட்டு.”

“இன்னாத்துக்கு? கலாய்க்கவா?”

“தொட்டில போட. என்னுது ஏமாத்திடுச்சு.”

அவன் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான். “மொதல்ல துன்னு. அப்பால எடுத்துத் தரேன்.”

தொட்டியில் அது நிதானமாக வளர்ந்து, கடைசிவரை விடாமல் சுரந்தது. கணக்கு வந்ததும் லோகநாயகி செல்போனும் கையுமாக ஓடிவந்தார்.

“சாதிச்சிட்டியே ஹிபா! லேப் பொழச்சுது. முதலாளி லைன்ல கீறாரு, பேசு!”

தொட்டியை ஓட்டியது அவள்தானே, பாக்டீரியாவும் அவளுடையது என்றே நினைத்துவிட்டார். வெங்கட் குனிந்து குடுவை கழுவிக்கொண்டிருந்தான், நிமிரவே இல்லை. பேசாமல் இருந்துவிட்டால் போதும், பெயர் அவளுக்குத்தான். இருந்துவிட ஆசையாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது. போனை வாங்கினாள்.

“சார், இது வெங்கட்டோட பாக்டீரியா. என்னுது தோத்துடுச்சு. அவர்கிட்டயே குடுக்கறேன்.”

போனை நீட்டினாள். அவன் ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றான்.