இருபத்திரண்டாவது வளையம்

தேக்குத் துண்டின் வளையங்களைப் பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணிக்கொண்டு வந்த பூபதி பதினெட்டில் தவறவிட்டான். வாசலில் மேளம் இந்த அடி அடித்தால் எண்ணிக்கை எங்கே நிற்கும்? மறுபடி பட்டைக்கே போனான்.

அப்பா கிருஷ்ணப்பன் விடியற்காலையில் போய்விட்டார். போன மாதக் காற்றில் சாய்ந்த தேக்கிலிருந்து அறுத்த இந்தத் துண்டைத்தான் சிதையில் நெஞ்சாங்கட்டையாகத் தன் நெஞ்சின் மேல் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். மாங்கட்டையில் வேகிற ஊரில் தேக்கை யார் எரிப்பார்கள்?

போன வருஷம் ஜெயப்ரியா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் அஞ்செட்டிக்கு வந்து அந்தத் தேக்கைத் துளைத்து மாதிரி எடுத்துப் போனாள். வருஷத்துக்கு ஒரு வளையம், மழை பெய்தால் அகலம், பொய்த்தால் ஒல்லி என்றாள். பூபதிக்குப் பழைய கோபம் கிளம்பிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பன்னிரண்டாவது முடித்து காலேஜில் இடமும் கிடைத்தவனை, மழையே இல்லை, விளைச்சலும் இல்லை என்று சொல்லி ஓசூர் கம்பெனிக்கு அனுப்பியவர் அப்பா. அந்த வருஷம் ஓடையில் நீச்சலடித்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "நீ சொன்னது பொய். வேணும்னா மரத்தக் கேளு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு பஸ் ஏறியவன், இன்றுதான் வந்திருக்கிறான்.

இருபத்திரண்டாவது வளையம் ஒல்லியாக வந்தது. இன்னொரு தடவை எண்ணினான். அகலமாக வந்தது. நடுவில் மங்கலாக ஒரு கோடு குழப்பியது. சில வருஷம் ஒன்றுக்கு இரண்டாகப் பொய்க்கோடும் விழும் என்று அந்தப் பெண் சொன்னது இப்போதுதானா ஞாபகம் வர வேண்டும்?

அக்கா முனிலட்சுமி வந்து நின்றாள். "எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க. எழுந்து வா."

"இத யாருக்கா இவ்ளோ வழவழன்னு தேச்சது?"

"அப்பாதான். மரம் சாஞ்சிடுச்சி வாடான்னு உனக்கு போன் பண்ணாரே, அன்னைலருந்து உப்புத்தாள வெச்சி தேச்சிக்கினே இருந்தாரு. அவனே வந்து எண்ணிப் பாக்கட்டும்னாரு."

ஓவர்டைம் என்று சொல்லி போனை வைத்தது பூபதிக்கு நினைவு வந்தது.

"அவரு எண்ணினாரா?"

"தெனமும்தான். ஒரு நாள் வந்த கணக்கு மறுநாள் வராது அவருக்கு. ஒருவேள நான்தான் தப்போன்னு ஒக்காந்துப்பாரு."

அழுவதா, இன்னும் கோபமாகவே இருப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

சுடுகாட்டில் கட்டை அடுக்கிய ராமப்பன் மாமா கண்ணைக் காட்டினார். தேய்த்த பக்கம் மேலே இருக்கும்படி பூபதி துண்டை அப்பாவின் நெஞ்சில் வைத்தான். கட்டைவிரல் நகம் ஒரு வளையத்தின் மேலேயே நின்றது.

"கைய எடுப்பா."

"ஒரே ஒரு தடவ எண்ணிக்கிறேன், மாமா."

ராமப்பன் கொள்ளிச்சட்டியைத் தரையில் வைத்தார்.

"எண்ணு" என்றார்.