முயற்சியே போதும் என்ற அணி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் வகுப்பு விவாதத்தில் "முயற்சி இருந்தால் போதும், யாரும் முதலிடம் வரலாம்" என்ற அணிக்கு டீச்சர் என்னைத் தலைவியாகப் போட்டார். அரையாண்டில் முதலிடமும் நான்தானே. "வசதியும் வேண்டும்" என்ற அணிக்கு, இரண்டாமிடம் வந்த ஊசி. ஒல்லி, கேள்வி கேட்டால் குத்தும். அதனால் அந்தப் பெயர்.

ஊசியின் அம்மா சலவைக் கடை வைத்திருக்கிறார். பள்ளி விட்டதும் அங்கே இஸ்திரி போடுவது இவள் வேலை. எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. நான் டியூஷன் போவேன். மறுநாள் என் நோட்டை அவளிடம் கொடுப்பேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுதிக்கொண்டு திருப்பித் தருவாள். டியூஷன் சாருக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவார்.

ஆண்டிறுதியில் முதலில் வருபவருக்கு மேல்நிலைப் பள்ளியில் ஓர் இலவச இடம். ஒரே ஓர் இடம். அது கிடைக்காவிட்டால் ஊசிக்கு இனி நாள் முழுக்கக் கடைதான் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். எனக்கென்ன, எந்தப் பள்ளியானாலும் அப்பா சேர்த்துவிடுவார். ஆனாலும் முதலிடத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அப்படியொரு அற்பப் புத்தி எனக்கு.

விவாதத்தன்று வாய் கிழியப் பேசினேன். கைதட்டல் போதாதோ என்னவோ, கடைசியில் ஊசியைக் கை காட்டினேன்.

"இவளையே பாருங்க. ஸ்கூல் விட்டா சலவைக் கடையில இஸ்திரி போடுறா. டியூஷன் கிடையாது, தனி ரூம் கிடையாது. ஆனா ரெண்டாவது ரேங்க். இவளால முடியுதுன்னா உங்களால ஏன் முடியாது?"

கடையைப் பற்றி அவள் என்னைத் தவிர யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பின்னாலிருந்து ஒருவன், "அப்ப என் சட்டையையும் தேய்ச்சுக் குடு" என்றான். வகுப்பே சிரித்தது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஊசி எழுந்தாள்.

"அவ சொன்னது நிஜம்தான். ஒண்ணே ஒண்ணு விட்டுட்டா. எனக்கு ஒருத்தங்க நோட்டு தர்றாங்க. பேர் சொன்னா அவங்களுக்குத் திட்டு விழும். ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல. அதனாலதான் நான் ரெண்டாவது. அந்த மாதிரி ஆள் கிடைக்காதவங்க கடைசி பெஞ்சில இருக்காங்க. அவங்களைச் சோம்பேறின்னு சொல்லிடாதீங்க."

டீச்சர் அவள் அணிக்கே தீர்ப்புச் சொன்னார். "அந்த நோட்டு குடுத்த நல்ல மனசுக்கும் கை தட்டுங்க" என்றார். எல்லோரும் தட்டினார்கள். தட்டாவிட்டால் சந்தேகம் வருமே என்று நானும் தட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

தப்பு, செய்திருக்கிறேன். அரையாண்டுக்கு முந்தைய வாரம், நோட்டைக் கொடுக்கும் முன் நடுத்தாளை உருவி ஒளித்துவைத்தேன். நான்கு பக்கம், ஒரு முழுப் பாடம். அதிலிருந்து பதினைந்து மதிப்பெண்ணுக்குக் கேள்வி வந்தது. எனக்கும் அவளுக்கும் வித்தியாசம் பதினொன்று.

மணி அடித்ததும் படிக்கட்டில் அவளைப் பிடித்தேன்.

"அரையாண்டுக்கு முன்னாடி குடுத்த நோட்டுல..."

"நாலு பக்கம் இல்ல. தெரியும்" என்றாள். "பக்க நம்பர் போட்டு எழுதுறவ நீ. எனக்குத் தெரியாம போகுமா?"

"தெரிஞ்சுமா என்னைப் பத்தி அப்படிப் பேசின?"

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கடைக்குத் துணி கொண்டுவருகிறவர்களிடம் பேசுகிற முகத்தோடு சொன்னாள்.

"முழுப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குடி. எனக்கு நோட்டு வேணுமே."

கையை நீட்டினாள். வெட்கத்தில் செத்தேன். பையிலிருந்து நேற்றைய நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் என் எதிரிலேயே ஒவ்வொரு தாளாகப் புரட்டி நம்பர் பார்த்தாள். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தாள்.

"சரியா இருக்கு, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.