பூட்டில்லாத பிரதி

வாசலிலேயே என் போனை வாங்கிக்கொண்டார்கள். வரவேற்பு மேசையிலிருந்த பெண் அதை ஒரு பையில் போட்டு ஒட்டிவிட்டு, "போகும்போது வாங்கிக்கலாம் மேடம்" என்றாள். எனக்கு அப்போதே எரிச்சல். கூப்பிட்டது அவர்கள், உதவி செய்ய வந்தது நான். சந்தேகமும் என் மேலேயா?

உள்ளே கல்யாண வீட்டுக் களை. மேசைக்கு மேசை பலூன். சுவரில் பெரிய திரை, அதில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அது பூஜ்யத்தைத் தொடும்போது, என் தம்பியும் இங்கே அவனோடு வேலை செய்பவர்களும் மூன்று வருடமாக உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டு உலகம் முழுக்க விற்பனைக்கு வரவேண்டும். ஆனால் முகூர்த்தத்துக்கு முன்பே மணப்பெண் வீட்டை விட்டுப் போய்விட்டாள். முந்தின நாளே விளையாட்டு முழுசாகத் திருட்டுத் தளங்களில் ஏறிவிட்டது. அதுவும் பூட்டில்லாத பிரதி. கடைக்கு வரும் பிரதியில், கள்ள நகல் எடுக்க முடியாதபடியும் உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாதபடியும் பூட்டுப் போட்டிருப்பார்கள். பூட்டில்லாதது உள்ளே வேலை செய்பவர்களிடம் மட்டும்தான் உண்டு. ஆக, திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

முதலாளி என்னை ஒரு கண்ணாடி அறைக்கு அழைத்துப்போனார். சலவை கலையாத சட்டை, தூங்காத கண்.

"உங்க தம்பி உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்லை மேடம். எந்த ஃபைலைக் கொடுத்தாலும் குடைஞ்சு பாத்துடுவீங்களாமே. இந்தத் தடவை ஒவ்வொருத்தர் பிரதியிலயும் அவங்கவங்க ஊழியர் எண்ணை ரகசியமா ஒளிச்சு வைக்கச் சொல்லியிருந்தேன். வெளி ஆளுங்க செஞ்ச வேலை. எங்க வெச்சாங்கன்னு கேட்டா, பதில் சொல்ல ரெண்டு நாள் ஆகும்ங்கறாங்க. எனக்கு இன்னைக்கே வேணும். வெளியீட்டுக்கு வர்ற பத்திரிகைக்காரங்க முன்னாடி அவன் பேரைச் சொல்லணும்."

"சொல்லி?"

"போலீஸ். அப்புறம் கோர்ட். அடுத்தவன் உழைப்பைத் திங்கற பயலுக்கு இரக்கமே காட்டக்கூடாது."

நான் தலையாட்டினேன். இந்த விஷயத்தில் உத்தமி வேஷம் கட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் தம்பியும் நடைபாதையில் விற்ற திருட்டு வட்டுகளில் விளையாடி வளர்ந்தவர்கள். காசு கொடுத்து வாங்கலாம் என்பதே வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனாலும் இது வேறு. மூன்று வருடம் தம்பி ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தான். அந்த உழைப்பை ஒருவன் அலுங்காமல் தூக்கித் தெருவில் போட்டால் எனக்கு ரத்தம் கொதிக்காதா?

முதலாளி போனதும் தம்பி உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா இப்படி இருக்கே? கண்டுபிடிச்சுடுவேன், பயப்படாதே."

"தெரியும்" என்றான்.

இணைய இணைப்பு இல்லாத ஒரு கணினியில் அந்தத் திருட்டுப் பிரதியைப் போட்டு வைத்திருந்தார்கள். நான் ஒரு முனையிலிருந்து பிரித்துக்கொண்டே வந்தேன். படங்கள், ஒலிகள், வரைபடங்கள். பிறகு, ஆடுபவர் விட்ட இடத்தைச் சேமித்துவைக்கும் பகுதி. அங்கே ஒரு எண் அட்டவணை இருந்தது. அதைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். என் கை மவுஸை விட்டு விலகிவிட்டது.

அந்த அட்டவணை என்னுடையது.

இதை விளக்கவேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் 'உண்டியல்' என்று ஒரு சின்ன மென்பொருளை எழுதினேன். விளையாட்டைச் சேமிக்கும் நேரத்தில் மின்சாரம் போனாலும் பழைய சேமிப்பு கெடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதைத் திறந்த மூலமாக வெளியிட்டேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், காசு வேண்டாம். நிபந்தனை இரண்டே. எழுதியவர்களின் பெயரை அழிக்கக்கூடாது. உண்டியலைச் சேர்த்துச் செய்த பொருளை வெளியே விற்றால், அதன் மூல நிரலையும் எல்லோருக்கும் திறந்து காட்டவேண்டும். முகம் தெரியாத பலர் வந்து அதில் கைவைத்தார்கள். ஒரு நர்ஸ் வேலை முடிந்து வந்து பிழை திருத்துவார். இன்னொருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே ஒரு பெரிய பகுதியை எழுதி முடித்தார். அவர் எழுந்திருக்கவே இல்லை.

சேமித்த கோப்பு கெட்டிருக்கிறதா என்று சரிபார்க்க அதில் ஒரு எண் அட்டவணை உண்டு. அதைக் கையால் தட்டும்போது ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டேன். பிழை தெரிவதற்குள் எங்கெங்கோ ஆயிரக்கணக்கான பேர் அதை வைத்துத் தங்கள் விளையாட்டைச் சேமித்துவிட்டார்கள். எண்ணைத் திருத்தினால் அத்தனை பேருடைய சேமிப்பும் திறக்காது. அதனால் பக்கத்தில் "தப்புதான், தொடாதீர்கள்" என்று எழுதி அப்படியே விட்டோம். உலகத்தில் வேறு எந்த அட்டவணையிலும் அந்தத் தப்பு கிடையாது. என் எதிரே திரையில் அது இருந்தது. பக்கத்தில் ஒரு பெயர்கூட இல்லை. நான், நர்ஸ், இறந்துபோனவர், எல்லோரையும் வழித்துத் துடைத்திருந்தார்கள்.

சேமிப்புப் பகுதிக்குப் பொறுப்பு என் தம்பி. வீட்டில் நூறு தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

"இது என்னடா?" என்றேன்.

அவன் திரையைப் பார்க்கவே இல்லை. "சிரிச்ச முகமா பேசு அக்கா. வெளியில எல்லாரும் பாக்கறாங்க."

உண்மைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பலூன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். குரல் கேட்காது, முகம் தெரியும். நான் பல்லைக் காட்டினேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கே. யாரைக் கேட்டுடா எடுத்தே?"

"ஆரம்பத்துல அவசரத்துக்கு எடுத்தேன். பின்னாடி மாத்திக்கலாம்னு நெனச்சேன். பின்னாடி எல்லாமே அது மேல உக்காந்துடுச்சு."

"பேரை யார் அழிச்சது?"

"நான்தான்." புன்னகை உதட்டில் ஒட்டிக்கொண்டிருக்க, கண் கலங்கியது. "போன வருஷம் முதலாளிகிட்ட உண்மையைச் சொன்னேன். பேரைப் போடணும், நம்ம மூல நிரலையும் திறக்கணும், இல்லேன்னா வேற எழுத ஆறு மாசம் வேணும்னேன். பூட்டுப் போட்டுட்டா எவனுக்குத் தெரியப்போகுதுன்னாரு. பேரை அழிக்கச் சொன்னாரு. அழிச்சேன்."

"என் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டே இதைச் செஞ்சிருக்கே. அந்த உண்டியலை நான் யாருக்காகடா எழுதினேன்? கரண்ட் போய் உன் ஆட்டம் அழிஞ்சதுன்னு மூணு நாள் சாப்பிடாம அழுதியே, அதுக்காக எழுதினது."

"தெரியும் அக்கா."

"தெரியும், தெரியும்! தெரிஞ்சு என்ன பிரயோசனம்?"

அவனை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. சிரித்தபடி அறைய முடியாது. எழுந்து முதலாளியிடம் போய், அடுத்தவன் உழைப்பைத் தின்பதைப் பற்றி இன்னொரு தடவை பேசச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனால் கை ஒரு வேலையைப் பிடித்தால் முடிக்காமல் விடாது. அது பாட்டுக்கு ஒலிக் கோப்புகளைத் திறந்துகொண்டு போனது. மழைச் சத்தம் ஒன்றின் கடைசியில் காதுக்குக் கேட்காத ஒரு துண்டு ஒட்டியிருந்தது. பிரித்தேன். ஊழியர் எண் வந்தது.

அதை முதலாளியிடம் கொண்டுபோய்க் கேட்கத் தேவையிருக்கவில்லை. அதே எண் என் தம்பியின் கழுத்து அட்டையில் பெரிதாக அச்சாகியிருந்தது.

சற்றுமுன் வரை நான் கோபக்காரி. அந்த நொடியில் வெறும் அக்காவாகிவிட்டேன்.

"நீயாடா வெளியில விட்டே?"

"எங்க பிரதியிலயும் குறி வெச்சிருக்காருன்னு இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

"ஏன்டா?"

"இன்னைக்குப் பூட்டு விழுந்துட்டா அப்புறம் உள்ள இருக்கறது யாருக்கும் தெரியாது. நானே சொல்லலாம்னா வாய் வரலை. உன் முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது? தெறந்த பிரதியை வெளியில விட்டா யாராவது அந்தத் தப்பு நம்பரைப் பாப்பாங்க, உன்கிட்ட சொல்லுவாங்கன்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினான். "ஒருத்தனும் பாக்கலை. எல்லாரும் விளையாடிக்கிட்டிருக்கானுங்க."

இப்படி ஒரு கோழையான தைரியத்தை என் வாழ்நாளில் கண்டதில்லை. திட்ட வாயெடுத்தேன். அதற்குள் கதவு திறந்தது.

"ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?" முதலாளி கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

குறியைக் காணவில்லை என்று பொய் சொல்லலாம். இரண்டு நாளில் அது தானாக வெளிவரும், தம்பி உள்ளே போவான். அவன் மனைவிக்கு இன்னும் எதுவுமே தெரியாது. யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"வேற ஒண்ணு தெரிஞ்சுது சார். இந்த அட்டவணை என்னோடது. இந்த நம்பர் தப்பு, தப்பைச் செஞ்சதும் நான். நீங்க போலீசுக்குப் போனா இந்தப் பிரதிதானே சாட்சி? கோர்ட்டுல இதைப் பிரிச்சுப் பாக்கறவனுக்கு முதல்ல இதுதான் கண்ணுல படும். திருடனைத் தேடறேன்னு உங்க வீட்டையே நீங்க காட்டிக்கொடுக்கறீங்க."

அவர் திரையைப் பார்த்தார். தேள் கொட்டிய திருடன் கத்தவும் முடியாமல் நிற்பானாமே, அந்த முகம். பிறகு தம்பியைப் பார்த்து, "உன் வேலையா?" என்றார். அவன் தலைகுனிந்தான். அக்காவிடம் உளறிவிட்டான் என்று மட்டுமே அவர் நினைத்திருக்கவேண்டும். என்னைப் பார்த்து, கடை திறந்த வியாபாரிபோலச் சிரித்தார்.

"சரி மேடம். நீங்க புத்திசாலி. நான் போலீசுக்குப் போகலை, அந்தக் குறியையும் தேடலை. நீங்களும் இதைப் பாக்கலை. முடிஞ்சுது."

"முடிஞ்சுது" என்று சொல்ல என் வாய் திறந்தே விட்டது. உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? தம்பிக்காக நர்ஸையும் இறந்துபோனவரையும் அந்த நிமிடத்தில் நான் விற்கத் தயாராகத்தான் இருந்தேன். அவர்கள் சார்பில் மன்னிக்க எனக்கு உரிமை கிடையாது என்று தெரிந்தும் தயாராக இருந்தேன்.

"ஒரே ஒரு சிக்கல்" என்றார் முதலாளி. "பணம் போட்டவங்களுக்கு ஒரு ஆளைக் காட்டியாகணும். போன வாரம் சண்டை போட்டுட்டு வேலையை விட்டுப் போச்சே, ஆட்டத்தை ஆடிப் பாத்துப் பிழை தேடற அந்த டெஸ்டர் பொண்ணு. அது மேல போட்டுட்டா கச்சிதமாப் பொருந்தும். கேஸ் கிடையாது, சும்மா பேர் மட்டும். இந்தத் தொழில்ல பேர் கெட்டா அதோட சரி, எங்கேயும் வாயைத் திறக்காது."

நான் பேசவில்லை. அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூடக் கிடையாது, தம்பியோ என் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான். நான் அவன் பக்கமே நின்றேன்.

தம்பி எழுந்தான். கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில், முதலாளிக்கு எண் தெரிகிற மாதிரி வைத்தான்.

"அக்கா குறியைக் கண்டுபிடிச்சுட்டாங்க சார். மழைச் சத்தத்துல இருக்கு. இந்த நம்பர்தான்."

முதலாளி அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயா? என் வலது கைடா நீ!"

"போலீசைக் கூப்பிடுங்க சார். மறக்காம இந்தப் பிரதியையும் கொடுங்க."

அவன் ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. வெளியே பலூன்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். இந்தத் தடவை எங்களில் யாரும் சிரித்த முகம் காட்டவில்லை. முதலாளி மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, "ரெண்டு பேரும் வெளிய போங்க. வக்கீல் பேசுவாரு" என்றார். எந்த வழக்கை எப்படிப் போடுவது என்று அவருக்கே அப்போது தெரிந்திருக்காது.

வரவேற்பு மேசையில் போனை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தோம். அலுவலகங்கள் விடும் நேரம், நடைபாதை முழுக்கக் கூட்டம். ஒரு மூடிய கடையின் வாசலில் ஒதுங்கி நின்றோம். மாடியிலிருந்து கைதட்டலும் கூச்சலும் கேட்டது. விளையாட்டு வெளியாகிவிட்டது.

"உன்னை உள்ள போட்டா நான் என்னடா பண்ணுவேன்?" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எழுது அக்கா. உண்டியல்காரங்க எல்லாருக்கும் எழுது. நாளைக்கு எழுதலாம்னா நீ எழுதமாட்டே."

என்னை நன்றாகத் தெரிந்தவன். நின்றபடியே தட்டினேன். நம் உண்டியலை இன்ன விளையாட்டில் பெயரழித்துப் போட்டிருக்கிறார்கள், பூட்டில்லாத பிரதியில் அட்டவணையைப் பார்த்தால் தெரியும், அடுத்து என்ன செய்வது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யவேண்டும் என்று எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நகரவில்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "இதைச் செய்தவர் அங்கே வேலை பார்க்கும் ஒருவர்" என்று முடித்தேன்.

தம்பி என் தோள்மேல் எட்டிப் படித்தான். போனை என் கையிலிருந்து மெதுவாக எடுத்தான். 'ஒருவர்' என்பதை அழித்தான். அந்த இடத்தில் தன் முழுப்பெயரைத் தட்டி, பக்கத்தில் 'என் தம்பி' என்று சேர்த்து, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான்.